வெட்டுக்குத்துப் பாட்டன்களும் ஒரு பேராசிரியையும்

ஐஸ்லாந்தில் சரித்திரச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காட்டுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, இடிந்துபோன அரண்மனைகூட இல்லை. இருப்பதெல்லாம், பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில், பெயரைச் சொல்லிக்கொள்ளாத ஆட்கள் கன்றுத்தோலில் எழுதிவைத்துவிட்டுப் போன சாகாக் கதைகள். ஆகவே வெறும் புல்தரையில், பல்லைக் கிட்டவைக்கும் காற்றில் நின்று கதை கேட்க வேண்டும். எங்களை நடத்திப்போன பேராசிரியை இடைக்கால இலக்கியத்தில் ஊறியவர், அந்த மண்ணிலேயே பிறந்தவர். வீரபுருஷர்களைப் பற்றி அவர் பேசிய தோரணையோ, பாகப்பிரிவினையில் ஏமாற்றிய பெரியப்பாக்களைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

முதலில் திங்வெல்லிர். 930 முதல் ஆண்டுதோறும் கோடையில் ஆல்திங் சபை கூடிய இடம். 1000-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே பெரிய ரகளை. நோர்வே அரசன் ஓலாவ் சில ஐஸ்லாந்துக்காரர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஊரே ஞானஸ்நானம் பெற வேண்டும் என்கிறான். பழைய தெய்வக்காரர்கள் மாட்டேன் என்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் எரிமலை வெடித்ததாகச் செய்தி. “பார்த்தீர்களா, சாமிக்குக் கோபம்!” என்றது ஒரு கட்சி. “நாம் நிற்கும் இந்தப் பாறை உருகி ஓடியபோது சாமிக்கு யார்மேல் கோபமாம்?” என்று கேட்டார் ஸ்னோரி என்ற தலைவர். பதிலில்லை. தீர்ப்பைச் சட்டம் உரைப்பவரான தோர்கெய்ரிடம் விட்டார்கள். அவர் போர்வையை இழுத்து மூடிப் படுத்தவர், ஒரு பகலும் ஓர் இரவும் வாயே திறக்கவில்லை. எழுந்து சொன்னது இதுதான்: எல்லாரும் கிறிஸ்தவர்கள். ஆனால் குதிரைக்கறி தின்னலாம், பழைய சாமிக்குப் படையலும் போடலாம், யார் கண்ணிலும் படாமல். இத்தனைக்கும் அவரே பழைய கட்சிக்காரர். ஊர் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு ஆட்சேபம்தான்: தண்ணீர் சில்லென்று இருக்கிறது. பலர் லோய்கர்வாட்னில் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்குப் போய்ச் சுகமாக முழுகி மதம் மாறினார்கள்.

அடுத்து ஹ்லீதரெண்டி, ந்யால் சாகாவின் மாவீரன் குன்னர் வாழ்ந்த சரிவு. நாடு முழுக்க அவனுக்காக உருகும். பேராசிரியை உருகவில்லை. பஞ்ச காலத்தில் அவன் ஒட்கெல் என்பவனிடம் உணவு வாங்கப் போனான். ஒட்கெல் உணவு தரமாட்டேன் என்றான், வேண்டுமானால் ஓர் அடிமையைத் தருகிறேன் என்றான். குன்னரும் வாங்கிவந்தான். சோறு வாங்கப் போனவன் இன்னொரு வாயைக் கூட்டிவந்தால் பெண்டாட்டி என்ன செய்வாள்? ஹல்கெர்த் அதே அடிமையை அதே ஒட்கெல் வீட்டுக்கு அனுப்பி, பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் திருடிவரச் செய்து, கிடங்குக்குத் தீயும் வைக்கச் சொன்னாள். விஷயம் தெரிந்ததும், விருந்தாளிகள் பார்க்கக் கன்னத்தில் அறைந்தான் குன்னர். அவளை அறைந்த மூன்றாவது புருஷன் இவன். முந்தைய இரண்டு பேரும் அடித்தபின் ரொம்ப நாள் உயிரோடில்லை. விசாரித்துவிட்டுக் கட்டியிருக்கலாம்.

பிற்பாடு கொலை வழக்கில் குன்னருக்கு மூன்றாண்டு நாடுகடத்தல் தீர்ப்பானது. கப்பலேறப் போகும் வழியில் குதிரை இடறியது, இறங்கித் திரும்பிப் பார்த்தவன், “ஆகா, நம்ம ஊர் என்ன அழகு!” என்று வீட்டுக்கே வந்துவிட்டான். எதிரிகள் சூழ்ந்தார்கள், வில்லின் நாண் அறுந்தது. நாண் திரிக்க உன் கூந்தலில் இரண்டு கற்றை கொடு என்று மனைவியைக் கேட்டான். அவள் அந்த அறையை நினைவூட்டிவிட்டு மறுத்தாள். குன்னர் செத்தான். எங்களில் ஒருவர், “கல்நெஞ்சுக்காரி” என்றார். “சட்டத்தை மதித்துக் கப்பல் ஏறியிருந்தால் முடி எதற்கு?” என்றார் பேராசிரியை. எனக்கும் அதே எண்ணம்தான்.

போர்க் பண்ணையின் எகில் இன்னொரு ரகம். பந்து விளையாட்டில் தோற்ற கோபத்தில் முதல் கொலை செய்தபோது ஆறேழு வயதுதான். அந்த முரடன்தான் அந்நாட்டின் தலைசிறந்த பழங்கவி! மகன் கடலில் மூழ்கி இறந்ததும் பட்டினி கிடந்து சாவேன் என்று கதவடைத்துக்கொண்டார். மகள் தோர்கெர்த் வந்தாள். “நானும் உங்களோடு சாகிறேன்” என்று அருகே படுத்து, எதையோ மென்றாள். என்ன அது? கடற்பாசி, சாவை விரைவுபடுத்துமாம். அப்பாவும் மென்றார். உப்பு, தாகம். தண்ணீர் என்று அவள் நீட்டிய கொம்பில் இருந்தது பால். விரதம் போச்சு. சாகத்தான் போகிறீர்கள், தம்பிக்கு ஓர் இரங்கற்பா பாடிவிட்டுச் சாகலாமே என்றாள். பாடப்பாடக் கிழவருக்குத் தெம்பு வந்துவிட்டது. வட ஐரோப்பிய நாடுகளின் மிகச் சிறந்த இரங்கற்பாக்களில் ஒன்று அப்படிக் கிடைத்தது.

கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் மோஸ்ஃபெல்லில் இருந்தார். இங்கிலாந்து அரசன் ஏதெல்ஸ்டன் கொடுத்த இரண்டு பெட்டி வெள்ளியை ஆல்திங் கூட்டத்தில் வாரி இறைத்து, ஊர் அடித்துக்கொள்வதைக் காதாலாவது கேட்க ஆசை. வீட்டார் விடவில்லை. கோபத்தில் ஒரு ராத்திரி இரண்டு அடிமைகளோடு போய் அதைப் புதைத்தார். சாட்சி இருக்கக்கூடாதென்று அவர்களையும் கொன்றார். வெள்ளி இன்றுவரை அகப்படவில்லை. மோஸ்ஃபெல் தலைநகர் ரெய்க்யாவிக்குக்குப் பக்கம்தான். போகிறவர்கள் மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அனுமதியில்லாமல் புதையல் தோண்டினால் அங்கே வழக்குப் போடுவார்கள்.