பெற்றோர் சுற்றுலாப் பயணிகளே: சான்று சமர்ப்பித்தல்

அனுப்புநர்: மெல்பர்ன், கிளேட்டன்வாசி ஒருவன்
பெறுநர்: வருகை விசா வழங்கும் அதிகாரி அவர்கள்
பொருள்: என் பெற்றோர் மெய்யாகவே கடற்கரைக்குப் போய்வந்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

ஆஸ்திரேலியாவின் 600ஆம் வகை வருகை விசா விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் சுற்றுலா என்று எழுதியிருந்தோம். வந்த நாள் முதல் அம்மா பேத்தியைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கிறாள். அப்பா கிளேட்டன் ரோட்டுக்குப் போய் முருங்கைக்காய் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். இதையெல்லாம் தாங்கள் சுற்றுலாவில் சேர்ப்பீர்களோ மாட்டீர்களோ என்ற பயத்தில், இருவரையும் காரில் ஏற்றி மார்னிங்டன் தீபகற்பத்துக்குக் கொண்டுபோனேன். புளியோதரை, மோர் மிளகாய், வெந்நீர் பிளாஸ்க், ஆளுக்கொரு ஸ்வெட்டர் எல்லாம் கூடவே வந்தன. இத்தனைக்கும் இங்கே கோடைகாலமான ஜனவரி மாதம்தான்.

ரோஸ்பட்டில் கடல் குளம்போலக் கிடந்தது. அம்மா திருச்செந்தூர்க்காரி. கடலைக் கண்டால் சேலையோடு முங்கி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்ட நாழிக்கிணற்றில் குளிக்கப் போவது அவள் முறை. இங்கேயும் முங்கினாள். பல் கிட்டிக்க எழுந்து, "கெணறு எங்கடே?" என்றாள். கழிப்பறைப் பக்கத்து ஷவரைக் காட்டினேன். படம் இணைத்துள்ளேன், நடுக்கத்தைச் சிரிப்பு என்று கொள்ளவும்.

அடுத்து பாயின்ட் நெப்பியன். அங்குள்ள செவியட் கடற்கரையில்தான் 1967 டிசம்பர் 17 அன்று நீந்தப் போன ஆஸ்திரேலியப் பிரதமர் ஹரால்ட் ஹோல்ட் காணாமல் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் நினைவாக என்ன வைத்தார்கள் என்று அப்பா கேட்டார். கிளென் ஐரிஸில் ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றேன். சிலை வைப்பதில் கரைகண்ட நம்மூர்க்காரர்களுக்கே தோன்றாத யோசனை! அப்பா சிரித்து ஓய்ந்துவிட்டுச் சொன்னார்: "ஏலே, கடலுக்குப் போயி திரும்பாதவருக்குக் குளத்துல பேரு வச்சிருக்காவ. நான் ஒருநா பிந்திப் போனா மட்டும் குத்தமால?"

விசாவின் 8503ஆம் நிபந்தனையை விளக்கினேன். அது இருந்தால், இங்கே இருந்துகொண்டே தங்கலை நீட்டிக்க இன்னொரு விசா கேட்பது பொதுவாக நடக்காது. நிரந்தரமாக வர வழியே இல்லையா என்றாள் அம்மா. இல்லாமல் என்ன? பணம் கட்டும் பெற்றோர் விசா இருக்கிறது, தலைக்கு 40,000 டாலருக்கு மேல். அதற்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டணம் குறைந்த வரிசையும் உண்டு. அதில் ஏறக்குறைய 30 ஆண்டு. அப்பாவுக்கு இப்போது 71. மலிவாக இருக்கிறதே என்று அவருக்கு அந்த வரிசை பிடித்துப்போயிற்று.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, விண்ணப்பத்தில் "பேத்தியைப் பார்த்துக்கொள்ளல்" என்றொரு கட்டம் சேர்க்குமாறு வேண்டுகிறேன். இனி வருகிறவர்களாவது வீட்டோடு நிம்மதியாக இருப்பார்கள். மேலும், செவியட்டில் குளிக்க இப்போது தடை உள்ளது. என் தந்தையார் தமது 101ஆம் வயதில் அங்கே குளிக்க உத்தேசித்திருப்பதால், அதற்குள் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுற்றுலாப் பயணிகளின் மகன்