ஏ7

என் மேல் ஒரு கிரிமினல் வழக்கு இருப்பதை எனக்குச் சொன்னவர், எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்த ஏட்டையா. சிங்கப்பூரில் மகளுக்குத் தலைப்பிரசவம் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். விசாரிக்க வந்தவர் முதல் வாய்க்கு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். இரண்டாவது வாய்க்கு, "உங்க மேல ஒரு கேஸ் இருக்கே சார்" என்றார். மூன்றாவது வாய் வரைக்கும் என் மனைவி காத்திருக்கவில்லை. "எவ அவ?" என்றாள்.

அவள் இல்லை, தண்ணீர். 2017 மே மாதம். முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஊரே காய்ந்து கிடந்தது. மெயின் ரோட்டில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து மறியல். நான் மறியலுக்குப் போனவன் இல்லை. மறியலில் மாட்டிய பஸ்ஸிலிருந்து வேடிக்கை பார்க்க இறங்கியவன். கூட்டத்தோடு கூட்டமாக வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். மதியம் லெமன் சாதப் பொட்டலம், சாயங்காலம் விடுதலை. கிளம்பும்போது வாசலில் ஒரு காவலர் நோட்டோடு உட்கார்ந்து பெயர் கேட்டார். மண்டபம், சாப்பாடு, நோட்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் மொய் எழுதுகிற பழக்கதோஷம் வந்துவிட்டது. அப்பா பெயர், தெரு, கதவு எண் எல்லாம் நிதானமாகச் சொல்லி, அவர் தப்பாகப் போட்ட இனிஷியலையும் திருத்திவிட்டு வந்தேன்.

அந்த மொய்தான் எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்கிறது. பிரிவுகள் 143, 188, 341. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது, வழிமறித்தது. பன்னிரண்டு பேரில் நான் ஏ7. பஸ்ஸில் வந்தவனே பஸ்ஸை மறித்திருக்கிறேன்.

2021 பிப்ரவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அரசு அறிவித்தது. காளைக்குக் கிடைத்த மரியாதை குடத்துக்குக் கிடைக்கவில்லை.

மச்சினன் மகன் வக்கீல். "கவலைப்படாதீங்க மாமா, குவாஷ் போட்டு ரத்து பண்ணிடலாம்" என்றான். கோர்ட்டில் நடக்கிற வழக்குதான் பாஸ்போர்ட் சட்டத்துக்கு ஆகாதாம், வெறும் எஃப்.ஐ.ஆர். அந்தக் கணக்கில் வராதாம். "அப்படியும் வாதாடலாம். ஆனா நாளைக்கு வேற எவனாச்சும் கம்ப்யூட்டரைத் தட்டினா மறுபடி முளைக்கும். வேரோட பிடுங்கிடுவோம்."

வேர் அப்படியொன்றும் ஆழமில்லை. இந்த மாதிரிச் சில்லறைக் குற்றங்களை ஒரு வருஷத்துக்குள் கோர்ட் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எட்டு வருஷமாகக் குற்றப்பத்திரிகையே போகவில்லை, எஃப்.ஐ.ஆர். ஆவக்காய் மாதிரி ஜாடியில் ஊறிக்கொண்டிருந்தது. 188-க்கு, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ கோர்ட்டில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். அதுவும் இல்லை. வழக்கு பதிவானது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில். 2024 ஜூலைக்குப் பிறகு மனுப் போடுவதால் ரத்து கேட்பது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 528-ஆம் பிரிவில். மாமனார் வாங்கிய கடனை மருமகன் அடைக்கிற கதை.

"நீங்க வரவே வேண்டாம்" என்று அவன் சொல்லியும், வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் உட்கார்ந்தேன். நம் சினிமாக்காரர்கள் நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். கூண்டு இல்லை, சுத்தியல் இல்லை, "ஆர்டர் ஆர்டர்" இல்லை. நீதிபதி குற்றப்பத்திரிகை எங்கே என்றார். அரசு வக்கீல் கட்டை முன்னும் பின்னும் புரட்டினார். நாலு நிமிஷம். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நான் நிரபராதியாகியிருந்தேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனுப் போடாத பதினொரு பேருக்கும் சேர்த்தே ரத்து.

உத்தரவு நகலை ஸ்டேஷனில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இந்த முறை இனிஷியலை யாரும் தப்பாகப் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏ3 வீட்டுக்கு வந்தார். அன்றைக்குக் குடம் தூக்கியவர், இன்றைக்குக் கரைவேட்டி. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று காபி போடச் சொன்னேன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் கேஸையும் சேர்த்து முடிச்சுட்டீங்களே சார்" என்றார். குரல் தழுதழுத்தது. "வேட்புமனுவுல வழக்கு விவரம்னு ஒரு பத்தி இருக்கு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இப்ப அங்க 'இல்லை'ன்னு எழுதினா எங்க கட்சியில எவன் மதிப்பான்?"

நான் என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்டேன்.

அவரும் பெரிய மனதோடு காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "வர்ற திங்கக்கிழமை தண்ணிக்கு மறியல் வச்சிருக்கோம். உங்களுக்கு ஃப்ளைட் என்னைக்கு?"