கணக்கில் வராத நடை

"உங்களுக்கு நடக்கத் தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

ஐம்பத்துமூன்று வயது மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டவர் சான்றிதழ் பெற்ற நோர்டிக் வோக்கிங் பயிற்சியாளர். நானோ சீனி வருத்தத்துக்கு டாக்குத்தர் எழுதிக்கொடுத்த துண்டோடு வந்து நின்றவன்.

"தெரியும்" என்றேன்.

"நடந்து காட்டுங்கள்."

காட்டினேன். பத்தடி போவதற்குள் கையைத் தட்டி நிறுத்திவிட்டார். எனக்கு நடக்கத் தெரியாதாம். குனிந்து நடக்கிறேன். கைகளை விலாவோடு ஒட்டி வைத்திருக்கிறேன். குதிக்காலை ஊன்றாமல், பூனை போல முன்பாதத்தை வைக்கிறேன்.

"இப்படி நடக்க யார் பழக்கியது?" என்று கேட்டார்.

அதைச் சொல்ல வெளிக்கிட்டால் வகுப்பு நேரம் போதாது. சிரித்து வைத்தேன்.

நான் பிறந்தது வடமராட்சியில், தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில். அங்கே நடைக்குத் தனிப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போனோம், சந்தைக்குப் போனோம், செத்தவீட்டுக்குப் போனோம். எப்படிப் போனாய் என்று யாரும் கேட்டதில்லை. காலால்தான் போயிருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் வைத்திருந்தவனைத்தான் விசாரித்தார்கள்.

எங்கள் வீட்டில் பெரிய நடைகாரர் அப்பு. செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கதிர்காமம் வரை இரண்டு தடவை நடந்தவர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண, யால காடுகளுக்குள் புகுந்து போகிற பாதயாத்திரை அது. முன்னால் ஒரு சுவாமி வேலைத் தூக்கிக்கொண்டு போவார். எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்தக் கோயிலில் அன்னதானம் கிடைக்கும், ஆனை நின்றால் என்ன செய்வது, எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனைக்கு அரோகரா சொன்னால் போதும் என்பார் அப்பு. சுவாமியிடம் சான்றிதழ் இருக்கவில்லை. கட்டணமும் வாங்கவில்லை.

அப்புவின் கையில் ஒரு பூவரசம் பொல்லு இருக்கும். நாய்க்கு, பாம்புக்கு, தேவைப்பட்டால் எங்களுக்கு. எல்லாத் தேவைக்கும் அந்த ஒரு பொல்லே போதுமாக இருந்தது.

எனக்கு இரண்டு தேவைப்பட்டன. அவை பின்லாந்துச் சரக்கு. அந்த நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள், பனி கரைந்த கோடையிலும் கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று சறுக்குக் கட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் பொல்லுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். 1997 இல் அங்கே ஒரு கம்பனி இதற்கென்றே பொல்லுச் செய்து விற்கத் தொடங்கியது. சில வருடங்களில் ஜேர்மனியின் பூங்காக்கள் எங்கும் டக்கு டக்கென்று சத்தம். தொடக்கத்தில் ஜேர்மன்காரரே பொல்லோடு நடந்தவர்களைப் பார்த்து, "சறுக்குக் கட்டையை மறந்துவிட்டு வந்தீர்களோ?" என்று பகிடி பண்ணினார்கள். பிறகு பகிடி பண்ணியவர்களும் வாங்கிவிட்டார்கள்.

பொல்லுக்கும் கணக்கு உண்டு. உயரத்தை 0.66 ஆல் பெருக்க வேண்டும். நான் 165 சென்ரிமீற்றர். பெருக்கினால் கிட்டத்தட்ட 109 வரும், 110 வாங்கினேன். கைப்பிடியில் விரலில்லாத கையுறை மாதிரி ஒரு பட்டி. வலது கால் முன்னே போகும்போது இடது பொல்லு ஊன்ற வேண்டும். பொல்லு எப்போதும் பின்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கை இடுப்பைத் தாண்டியதும் விரல்களை விரித்துப் பிடியை விட்டுவிட வேண்டும், பட்டி பார்த்துக்கொள்ளும். உடம்புத் தசைகளில் 90 சதவீதம் வேலை செய்யும் என்பது எல்லாப் பயிற்சியாளரும் ஒப்புவிக்கிற பாடம். தார் வீதிக்குச் சத்தம் கேட்காமலிருக்க ரப்பர்க் குமிழ், காட்டு மண்ணுக்குக் கூர்முனை. எட்டு வார வகுப்பு. கட்டிய காசில் ஒரு பகுதியை மருத்துவக் காப்புறுதி திருப்பித் தரும்.

வீட்டில் இவவுக்கு விளங்கவே இல்லை. "ஊரிலை பொல்லோடை நடந்தால் கிழவன் எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு என்ரை அப்பா கடைசி மட்டும் பொல்லுத் தொடயில்லை. நீங்கள் காசு குடுத்து ரெண்டு வாங்கி வந்திருக்கிறியள். பொல்லுக் குடுத்து அடி வாங்கிறதெண்டு இதைத்தான் சொல்லுறது" என்றா.

ஆனால் வேறொரு பொல்லும் என் வாழ்க்கையில் இருந்தது. ஐந்து நிமிடம் மட்டும் இருந்தது.

1993 நவம்பர். எனக்கு இருபத்துமூன்று வயது. அம்மாவின் சீதனக் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் டொலரில் கட்டியிருந்தோம். கொழும்பிலிருந்து மொஸ்கோ வரைக்கும் பிளேன். அதற்குப் பிறகு லொறி, பூட்டிய அறை, திரும்பவும் லொறி. கடவுச்சீட்டை ஏஜென்சி எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டது. கடைசியில் ஒரு இரவு செக் நாட்டுப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் பத்துப் பேரை இறக்கினார்கள். அந்த மலைக்குப் பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அது "அந்தப் பக்கம்" மட்டும்தான்.

தோல் சட்டை போட்ட ஒரு பெடியன் வழிகாட்டியாக வந்தான். அவனுக்கும் எங்களுக்கும் பொதுவாக மூன்று சொற்கள் இருந்தன: குயிக், ஸ்டொப், டவுன். அவன்தான் எனக்கு நடக்கப் பழக்கியவன். என் பிடரியில் கையை வைத்து அமத்திக் குனியச் செய்தான். சட்டை உரசிச் சத்தம் போடாதபடி கைகளை விலாவோடு சேர்த்துவிட்டான். சுள்ளி முறியாதபடி முன்பாதத்தை முதலில் வைத்து நடந்து காட்டினான். எட்டு வார வகுப்பு அல்ல, எட்டு நிமிட வகுப்பு. எவ்வளவு நன்றாகப் பழக்கினான் என்றால், முப்பது வருடம் கழித்தும் ஒரு பயிற்சியாளரால் பத்தடிக்குள் கண்டுபிடிக்க முடிந்தது.

ஏற்றத்தில் வழுக்கியது. கொழும்பில் வாங்கிய சப்பாத்து, காலுக்குக் கீழே முதற்பனி. ஒரு தடியை முறித்து ஊன்றிக்கொண்டு ஏறினேன். அப்புவின் நினைவு வந்தது. பெடியன் திரும்பி வந்து, ஒன்றும் கதைக்காமல் அதை வாங்கித் தூர எறிந்தான். பொல்லுச் சத்தம் போடும். ரப்பர்க் குமிழைப் பற்றி அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

எங்களோடு கலியாணத்துக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை வந்தாள். பையில் கூறைச்சீலை. பெடியன் பையை எறியச் சொல்லிச் சைகை காட்டியபோது, கூறையை எடுத்து ஜாக்கெட்டுக்குள்ளே வயிற்றோடு சுற்றிக்கொண்டு வெறும் பையைக் கொடுத்தாள். இன்றைக்கு அவ ஸ்டுட்கார்ட்டில் பேரப்பிள்ளை பார்க்கிறா.

விடியப் போகும் நேரம் ஒரு வீதியோரம் வந்தோம். பெடியன் கீழே தெரிந்த வெளிச்சத்தைக் காட்டி, "ஜேர்மனி" என்று நாலாவது சொல்லைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். வான் ஒன்று வந்து எங்களை ஏற்றிக்கொண்டு மேற்கே ஓடியது.

அந்த வருடம் ஜூலை 1 ஆம் திகதி ஜேர்மனியில் சட்டம் மாறியிருந்தது. பாதுகாப்பான நாடு ஒன்றின் வழியாகத் தரையால் வந்தவனுக்கு அசூல், அதாவது தஞ்சம், கேட்கும் உரிமை இல்லை. ஜேர்மனியைச் சுற்றியிருந்த நாடுகள் எல்லாமே பாதுகாப்பானவை. எந்த நாட்டால் வந்தான் என்று தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பலாம். ஆகவே ஏஜென்சி பாடமாக்கித் தந்ததை நான் ஒப்புவித்தேன்: "மூடின லொறிக்குள்ளே வந்தேன். ஒன்றும் பார்க்கவில்லை." மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு தரம் கேட்டு எழுதினார். அதோடு, நடந்தது நடக்கவில்லை என்றாகிவிட்டது.

பிறகு ஒரு அட்டை தந்தார்கள். அந்த நாட்களில் அசூல் கேட்டவன் தனக்கென்று குறித்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் கையில் அனுமதிக் கடிதம் வேண்டும். பக்கத்து ஊரில் மச்சானின் கலியாணம். எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாடு நாடாகத் தாண்டியவனுக்கு மாவட்டம் தாண்ட முடியவில்லை.

இப்போது 2024 ஒக்ரோபர். பொல்லுநடை வகுப்பு முடிந்து, நான் உள்ளூர் நடைக் கழகத்தில் உறுப்பினன். ஜேர்மன்காரருக்கு நடை என்பது சங்கம் வைத்துச் செய்கிற காரியம். நாடளாவிய நடைச் சங்கக் கூட்டமைப்பை அவர்கள் 1883 இலேயே தொடங்கிவிட்டார்கள். வருடாந்தச் சுற்றுலா அறிவித்தலில் "ஏர்ட்ஸ்கெபிர்க" என்று போட்டிருந்தது. தாதுமலை என்று பொருள். சாக்சனிக்கும் செக் நாட்டுக்கும் இடையில் எல்லை போல நீண்டு கிடக்கிற மலைத்தொடர். அறிவித்தலோடு இருந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்தேன். என் மலைக்கு முதல் முறையாகப் பெயர் கிடைத்தது. அதில் எந்த மடிப்பால் வந்தேன் என்று மட்டும் தெரியவில்லை. ஏன் போகிறேன் என்று இவவுக்குச் சொல்லவில்லை. "சீனிக்கு நல்லது" என்றேன்.

வழிகாட்டி ஓய்வு பெற்ற வாத்தியார். நெஞ்சில் சங்கப் பதக்கம், முதுகுப்பையில் முதலுதவிப் பெட்டி. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்: மழைச்சட்டை, மாற்றுக் காலுறை, தண்ணீர், அடையாள அட்டை. செக் நாடு 2007 டிசம்பரில் ஷெங்கனுக்குள் வந்ததோடு அந்த எல்லையில் சோதனை எடுபட்டுப் போனது. 2023 ஒக்ரோபரில் திரும்பவும் வைத்துவிட்டார்கள். யாரோ காடு வழியாக வருகிறார்களாம். மற்றவர்கள் அட்டையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஏற்றம் தொடங்குவதற்குள் மூன்று தரம் தொட்டுவிட்டேன்.

பிக்டெல்பெர்க் 1,215 மீற்றர், சாக்சனியில் உயர்ந்த மலை. எதிரே செக் பக்கத்துக் கிளினோவெட்ஸ் அதைவிட இன்னும் உயரம். ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் வாத்தியார் நின்று கதை சொன்னார். இது சுரங்கக்காரர்களின் மலை. ஒருவரையொருவர் கண்டால் "கிளுக் அவுஃப்" என்பார்கள். மண்ணுக்குள் போனவன் பத்திரமாக மேலே வரட்டும் என்ற வாழ்த்து அது. அந்தப் பக்கச் சரிவில் யோகிம்ஸ்தால் என்று ஒரு பழைய சுரங்கப் பட்டினம். 1520 அளவில் அங்கே வெட்டிய வெள்ளியில் அடித்த நாணயத்துக்கு யோகிம்ஸ்தாலர் என்று பெயர். அது தாலர் என்று சுருங்கி, நாடெல்லாம் சுற்றி, கடைசியில் டொலர் ஆனது.

எல்லோரும் "ஓ" என்றார்கள். நானும் சொன்னேன். அம்மாவின் காணி டொலராக மாறியது எனக்குத் தெரியும். அந்த டொலர் தன் பிறந்த வீட்டைப் பார்க்கத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் வாத்தியார் கையை உயர்த்தினார். "இனிப் பத்து நிமிடம் ஒருவரும் கதைக்க வேண்டாம். மெதுவாக, சத்தமில்லாமல் நடப்போம். காட்டைக் கேளுங்கள். மனதுக்கு அவ்வளவு அமைதி தரும்."

இருபத்திரண்டு பேர் வரிசையாக, ஓசையில்லாமல், ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே போனோம். முன்னால் வழிகாட்டி. மற்றவர்கள் முகத்தில் அமைதி வந்தது. எனக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்களோடு வந்திருந்த என் பொல்லுநடைப் பயிற்சியாளரின் கை பின்னாலிருந்து என் தோளைத் தட்டியபோதுதான் கவனித்தேன். நான் குனிந்திருந்தேன். இரண்டு பொல்லையும் நிலத்தில் படாமல் தூக்கி, விலாவோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். முன்பாதத்தால் நடந்துகொண்டிருந்தேன்.

"குதிக்கால்" என்று அவர் காதுக்குள் சொன்னார். "கையை வீசுங்கள். இவ்வளவு பழகியும்!"

எல்லையில் முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் கல் நின்றது. ஒரு பக்கம் டி, மறு பக்கம் சி. ஒவ்வொருவராகக் கல்லுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து நின்று படம் எடுத்தார்கள். என்னையும் நிற்க வைத்தார்கள். படத்தில் நான் இரண்டு காலையும் டி பக்கம் வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்து முதல் ஊருக்குப் பெயர் போஷி டார். கடவுளின் கொடை என்று பொருள் சொன்னார் வாத்தியார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் கோப்பியும் புளூபெரி கேக்கும் வந்தன. நடந்து கரைத்த சீனி முழுவதையும் இருந்த இடத்திலேயே திருப்பி ஏற்றிக்கொண்டோம்.

கடை வாசலில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் சங்கிலியில் கட்டிய முத்திரை. நடைக் கழகம் எங்கள் எல்லோருக்கும் ஒரு சின்னப் புத்தகம் தந்திருக்கிறது. அதன் பெயர் வாண்டர்பாஸ். ஏறிய மலைக்கு ஒரு முத்திரை. முத்திரைகள் சேர்ந்தால் பதக்கம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி, கழகத்தின் பொருளாளர், திரும்பிக் கேட்டார்: "இந்தப் பக்கம் உங்களுக்கு முதல் தடவையா?"

முப்பத்தொரு வருடமாக எந்தப் படிவத்திலும் எழுதாத ஒன்று வாயில் வந்துவிட்டது. "இரண்டாவது தடவை. 1993 நவம்பரில் வந்தேன்."

"அட, நவம்பரில் வந்தால் காட்சி ஒன்றும் தெரிந்திருக்காதே."

"ஓம், சரியான இருட்டு."

"இப்படி ஒரு வழிகாட்டியோடு வந்திருக்க வேண்டும் நீங்கள்."

"வழிகாட்டி இருந்தவர்" என்றேன். "அவரும் கதைக்க விடவில்லை."

அவர் சிரித்தார். என் முறை வந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து முத்திரையைக் குத்தினேன். மலை, மரம், கீழே ஊரின் பெயர். ஒரு கேள்வியும் கேட்காமல், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், பாஸ் என்று பெயருள்ள என்னுடைய புத்தகத்தில் அந்த எல்லையின் முத்திரை விழுந்துவிட்டது. மை காயும்வரை ஊதினேன். பிறகு பக்கத்தில் இன்னும் ஒன்று குத்தினேன்.

பொருளாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஒரு இடத்துக்கு ஒரு முத்திரைதான்" என்றார் கனிவாக. "மற்றது கணக்கில் வராது."

"தெரியும்" என்றேன்.