வலமிருந்து இடமாக வந்த அசுரன்

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் சாயங்காலம் தெருமுனையில் இடம் பிடித்து நின்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முருகன் வரும்போது கை தானாகக் குவியும், ஆனால் கால் தானாகத் துள்ளுவது சூரன் வரும்போதுதான். வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள் தோளில் சுமந்து முன்னும் பின்னுமாக ஓட, அந்த மரச்சூரன் உடம்பையே குலுக்கிக்கொண்டு வருவான். யானைத் தலை விழும், சிங்கத் தலை ஏறும், அதுவும் விழும், கடைசியில் மீசையும் உருட்டுவிழியுமாக அவனுடைய சொந்தத் தலை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகும் அந்தச் சிறு இடைவெளியில் வெறும் கழுத்தோடு நிற்கிறானே, அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வரும்: இவன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்திருப்பான்? பாட்டியைக் கேட்டால், "அசுரனுக்கு ஏதுடா சின்ன வயசு, பேசாம கும்பிடு" என்பாள்.

படித்த புத்தகங்களிலும் விடை இல்லை. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய ராணி காமிக்ஸும், சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் மாயாவிகளையும் உளவாளிகளையும் கௌபாய்களையும் கொண்டுவந்து குவித்தன. அசுரர்களுக்கு நாங்கள் நம்பியிருந்தது அம்புலிமாமாவைத்தான். 1947-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில், உருவிய வாளோடும் தோளில் வேதாளத்தோடும் நடக்கிற விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்து வைத்திருந்த அழகை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அந்தக் காலத்துப் படக்கதை அசுரர்கள் எல்லோரும் கோரைப்பல்லோடும் தொந்தியோடுமே பிறந்தவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். கைமாறிக் கைமாறி வருகிற புத்தகத்தில் கடைசித் தாள் இருக்காது. அசுரன் செத்தானா பிழைத்தானா என்பதை நாங்களே மொட்டைமாடியில் உட்கார்ந்து முடிவு செய்வோம், நான் அவனைப் பிழைக்க வைத்துவிடுவேன். கடைசித் தாள் கிழிந்த கதைகள் தந்த அந்தச் சுதந்திரம், எல்லாக் கதையும் முழுசாகக் கிடைக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லையே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

விடை வந்தது ஜப்பானிலிருந்து, அதுவும் பெண்கள் வரைந்த ஒரு மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில். கிளாம்ப் என்ற பெண் ஓவியர் குழுவின் முதல் படைப்பான 'ஆர்ஜி வேதா' 1989-ல் 'விங்ஸ்' என்ற இதழில் தொடராக ஆரம்பித்து 1996-ல் முடிந்தது. மொத்தம் பத்துத் தொகுதி. அதை டோக்கியோபாப் நிறுவனம் 2005-லிருந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோதுதான் நம்மூர்ப் பெரிய புத்தகக்கடைகளில் ஒன்றிரண்டாகத் தலைகாட்டியது. நாலாம் தொகுதி இருந்தால் முதல் தொகுதி இருக்காது. விலையோ, ஒரு மாதத்து டீக்கும் டிபனுக்கும் வைத்திருந்த காசு. அலமாரிக்கும் தூணுக்கும் நடுவில் நின்றபடியே, பின்னட்டையில் தொடங்கி வலமிருந்து இடமாக, யாரும் விரட்டுவதற்குள் படித்த பக்கங்கள்தான் எனக்கு அந்தக் கதையின் முதல் நுழைவாயில்.

கதை தொடங்குவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இந்திரன் தன் தேவலோக மன்னனுக்கு எதிராகக் கலகம் செய்து, அசுரகுல அரசனைக் கொன்று, அரியணை ஏறிவிட்டான். ஆறு விண்மீன்கள் ஒன்றுசேர்ந்தால் அவன் ஆட்சி கவிழும் என்று ஒரு குறிசொல்லி சொல்கிறாள். வடதிசை காக்கும் இயக்கர் தலைவன் ஒருவன், முத்திரையிட்டு உறங்கவைக்கப்பட்ட ஒரு குழந்தையை எழுப்புகிறான். செத்துப்போன அந்த அசுர அரசனின் பிள்ளை. ஆணா பெண்ணா என்று சொல்லமுடியாத முகம், கூரான காது, எழுப்பியவனைவிட்டு ஒரு நொடி பிரியாத கை. இயக்கன் ஊர் திரும்பிப் பார்த்தால் அவன் குலமே வெட்டிச் சாய்க்கப்பட்டிருக்கிறது. இனி அந்தக் குழந்தைக்கு அவனும் அவனுக்கு அந்தக் குழந்தையும்தான். பாட்டி இல்லை என்று சொன்ன அந்தச் சின்ன வயசு, பக்கம் பக்கமாக என் கண்முன்னே ஓடி விளையாடியது.

வழியில் சேர்கிறவர்களும் நமக்கு அந்நியர் இல்லை. இளரத்தம் கொதிக்கும் நாக அரசன், தங்கையைப் பறிகொடுத்த கருடகுல அரசி, மடியில் யாழோடு வருகிற கந்தர்வப் பெண், சோமன் பெயர் தாங்கிய ஒருத்தி. இவர்களெல்லாம் கிளாம்ப் கண்டுபிடித்தவர்கள் இல்லை. பௌத்தத்தோடு கிளம்பி, சீனம், கொரியா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்து, அங்கே கோயில்களில் காவலர்களாக நின்றுவிட்ட நம் பழைய தேவகணங்கள். நாரா நகரத்தின் கோஃபுகுஜி கோயிலில் அப்படிப்பட்ட எட்டுக் காவலர்களில் ஒருவராக ஓர் அசுரர் இருக்கிறார். 734-ல், பேரரசி கோம்யோ இறந்துபோன தன் தாயின் நினைவாக எடுத்த மண்டபத்துக்காகச் செய்தது. சணல்துணியை அரக்கு மெழுகி அடுக்கடுக்காக ஒட்டிய கூட்டு உருவம், 153 செண்டிமீட்டர் உயரம், மூன்று முகம், ஆறு கை. முன்முகத்தில் புருவம் லேசாகச் சுருங்கியிருக்கிறது, பக்கத்து முகம் ஒன்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, செய்ததை நினைத்துப் பார்க்கிற ஒரு பையனின் முகம். மெலிந்த கைகளில் இரண்டு மார்புக்கு முன் குவிந்திருக்கின்றன. உள்ளே வெற்றிடம் என்பதால் எடை குறைவு. கோயில் பலமுறை தீப்பற்றியும் இந்தச் சிலைகள் தப்பியதற்கு, ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததுதான் காரணம் என்பார்கள். அசுரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்!

சண்டை மாங்காக்கள் எத்தனையோ படித்துவிட்டேன். இதில் சண்டையின் அழகே வேறு. வாள் வீசியவனின் கூந்தலும் மேலாடையும் கட்டத்தின் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் நீள்கின்றன. வீச்சு முடிந்துவிட்டது, கூந்தல் இன்னும் இறங்கவில்லை, வெட்டுப்பட்டவன் முகத்தில் இன்னும் வலி எட்டவில்லை. அந்த அரை நொடியைப் பக்கம் முழுக்கக் கறுப்பு மையில் விரித்துக் காட்டுவார்கள். தாளில் படித்தபோது எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து விரிகிற ஓவியத்தின் நடுவே, முகமோ வாளோ புத்தகத்தின் மடிப்புக்குள் புதைந்துபோகும், முதுகு பிரிந்துவிடாமல் விரலால் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்க்கவேண்டும். இப்போது பத்துத் தொகுதியும் என் கைப்பேசிக்குள் இருக்கின்றன. மடிப்பு இல்லை, மங்கல் இல்லை, கண் இமையின் கோட்டைக்கூட இரண்டு விரலால் விரித்து எண்ணலாம். ஆனால் கைப்பேசி ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறது. வீசியவன் ஒரு திரையில், வெட்டுப்பட்டவன் அடுத்த திரையில். ஒளிந்திருந்ததைக் காட்டிவிட்டு, சேர்ந்திருந்ததைப் பிரித்துவிடுகிற முன்னேற்றம்.

இந்தக் கதை எனக்கு உயிராகிப்போனதற்குக் காரணம் கடைசித் தொகுதியில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்குள் உறங்குவது எல்லாவற்றையும் அழிக்கிற ஒரு கடவுள். அது விழித்தால் தோழர்கள்கூட மிஞ்சமாட்டார்கள், மிஞ்சவும் இல்லை. அது விழிக்காமல் இருக்கத்தான் இந்திரன் இவ்வளவு கொடுமையும் செய்தான், தான் கொன்ற அந்த அசுர அரசனுக்கே கொடுத்த வாக்குக்காக. வில்லனை இத்தனை வருஷம் வெறுத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் தெருவில் நடந்தேன். சூரனுக்கும் இப்படி ஒரு பத்தாம் தொகுதியை யாராவது எழுதியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

அண்ணன் மகள் இந்தக் காலத்துப் பிள்ளை. சூஸ், தோர், சிவன் என்று உலகத்துக் கடவுளர் அத்தனை பேரும் மனிதர்களோடு ஒற்றைக்கு ஒற்றை மோதுகிற 'ரெக்கார்ட் ஆஃப் ரக்னரோக்' மாங்காவில் ஊறியவள். 2017-ல் தொடங்கிய அதில் கோதாவும் கைதட்டலும் உண்டு, யார் ஜெயிப்பார் என்ற பதைப்பும் உண்டு, நானும் ரசித்தேன். பதிலுக்கு ஆர்ஜி வேதாவைப் படிக்கச் சொன்னேன். நான் வருஷக்கணக்கில் தேடித்தேடிச் சேர்த்த பத்துத் தொகுதியை ஒரு தீபாவளி விடுமுறைக்குள் முடித்துவிட்டு வந்து நின்றாள்.

"இந்திரனைப் போய் நல்லவன்னு சொல்றீங்களே சித்தப்பா!"

"வாக்குக் கொடுத்துட்டான்மா. தசரதன்கூட வாக்குக்காகத்தானே பெத்த பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பினார்?"

"தசரதர் வாக்கைக் காப்பாத்திட்டு தானே செத்துப்போனாரு. இவன் வாக்கைக் காப்பாத்த இயக்கர் ஊரையே சாகடிச்சான்."

பொங்கலுக்கு வருகிறாள். அதற்குள் பத்தாம் தொகுதியை இன்னொரு முறை படித்து இந்திரன் பக்கத்துக்கு ஒரு நல்ல வாதம் தேடியாக வேண்டும்.