‘எலக்ட்ரான் .’ என்னும் நூற்பாவுக்கு ஓர் உரை

எலக்ட்ரான் என்னும் கருவியால் கணினிச் செயலி செய்வோர் டெர்மினலில் நாள்தோறும் ஓதும் மந்திரம் ‘என்பிஎம் ஸ்டார்ட்’. ஓதியதும் ஜன்னல் திறக்கிறது. திறந்தது யார் என்பதில் தெளிவில்லாததால் இவ்வாய்வு எழ நேர்ந்தது. ஆராய்ச்சி இல்லாத காலத்திலும் ஜன்னல் திறந்துகொண்டுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

மூலபாடம் பேக்கேஜ்.ஜேசன் கோப்பின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அதிகாரத்தில் உள்ளது. ‘ஸ்டார்ட்’ என்பதற்கு நேரே ‘எலக்ட்ரான்’ என்ற ஒரு சொல், ஓர் இடைவெளி, ஒரு புள்ளி. அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிர்வகிக்க 2010இல் பிறந்த என்பிஎம்முக்கு இதன் பொருள் தெரியாது. வரியை அப்படியே ஷெல்லிடம் ஒப்படைப்பதோடு அதன் கடமை தீர்ந்தது. எலக்ட்ரானோ 2013இல் கிட்ஹப்பில் ‘ஆட்டம் ஷெல்’ என்ற பெயரில் பிறந்து, 2015இல் பெயர் மாற்றிக்கொண்டது.

இனிச் சொல்லாராய்ச்சி. நாமே டெர்மினலில் ‘எலக்ட்ரான்’ என்று தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்று ஷெல் கைவிரிக்கும். என்பிஎம் சொன்னால் மட்டும் பணிவது ஏன்? ஷெல்லை எழுப்புமுன் என்பிஎம், நோட்_மாட்யூல்ஸுக்குள் இருக்கும் ‘.பின்’ ஃபோல்டரை ஷெல் கட்டளைகளைத் தேடும் ‘பாத்’ பட்டியலின் தலைமாட்டில் செருகிவிடுகிறது. இடைச்செருகல் என்றாலே முகம் சுளிக்கும் நாம் இந்த ஒன்றை மன்னிக்கலாம். அங்கே அகப்படும் எலக்ட்ரானும் அசல் அன்று. சிறியதொரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. அசலின் இருப்பிடத்தை ‘பாத்.டிஎக்ஸ்டி’ என்ற ஒருவரிக் கோப்பின் துணையால் கண்டுபிடித்து, குரோமியம் பிரவுசரையும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடையும் வயிற்றில் சுமந்தபடி ‘டிஸ்ட்’ ஃபோல்டரில் உறங்கும் பேருருவைத் தட்டி எழுப்புவதே அதன் தொண்டு.

புள்ளிக்கு வருவோம். ‘இந்த ஃபோல்டர்’ என்பது நேர்ப்பொருள். எழுந்த எலக்ட்ரான், இந்த ஃபோல்டரில் உள்ள அதே பேக்கேஜ்.ஜேசனை மறுபடி திறந்து ‘மெயின்’ என்ற வரியைத் தேடும். அது காட்டும் மெயின்.ஜேஎஸ்தான் கடைசியில் ‘பிரவுசர்விண்டோ’வை உண்டாக்கி இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லை ஏற்றுகிறது. ஆக, என்பிஎம் ஒரு வரிக்காகவும் எலக்ட்ரான் வேறொரு வரிக்காகவும் ஒரே கோப்பைப் புரட்டுகின்றன. புத்தக வெளியீட்டு விழா மேடைகளில் பழகிய காட்சிதான்.

புள்ளியை விட்டுவிட்டால்? பிழைச்செய்தி வராது. எலக்ட்ரானின் சொந்த வரவேற்பு ஜன்னல், பதிப்பு எண்களோடு பளிச்சென்று திறக்கும். நம் செயலியைத்தான் காணோம். பிழை என்று சொல்லாத பிழையே ஆகக் கொடியது என்பது இவ்வுரைகாரரின் துணிபு.

‘எலக்ட்ரான் மெயின்.ஜேஎஸ்’ என்றொரு பாடபேதமும் வழங்குகிறது. ஜன்னல் திறக்கும், ஆனால் பேக்கேஜ்.ஜேசனில் இட்ட பெயர் செயலிக்குக் கிட்டாமல், அது ‘எலக்ட்ரான்’ என்றே அழைக்கப்படும். எனவே கொள்ளற்க.

‘ஸ்டார்ட்’ வரியே இல்லாத ஏடுகளும் உண்டு. அப்போது சர்வர்.ஜேஎஸ் என்றொரு கோப்பு பக்கத்தில் கிடந்தால் என்பிஎம் அதை நோடிடம் கொடுத்து ஓட்டிவிடும். கிடக்காவிட்டால் ‘மிஸ்ஸிங் ஸ்கிரிப்ட்’ என்று கடிந்துகொள்ளும்.

செயலியைப் பொதிந்து வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது நிரல் முழுவதும் வழக்கமாக ‘ரிசோர்சஸ்’ ஃபோல்டருக்குள் ஆப்.அசார் என்ற ஒரே கோப்பாகச் சுருண்டுகொள்கிறது. எலக்ட்ரான் அதைத் தானாகவே தேடி எடுத்துக்கொள்ளும். அங்கே என்பிஎம் இல்லை, ‘.பின்’ இல்லை, புள்ளியும் இல்லை. ஆகவே இவ்வுரை டெவலப்பரின் மடிக்கணினிக்கு வெளியே செல்லாது.