மார்ச் மாசத்துப் பிள்ளைகளுக்கு எதிர்க்கடைத் தாத்தா

ஏலே, இங்கிட்டு வாங்கடே. தாயி, நீங்களும் வாங்க, வேப்பமர நிழல்ல உக்காருங்க. ஒரு பத்து நிமிசம்தான். படிப்பு கெட்டுப்போகும்னு பயப்படாதீங்க. இல்லாதது எப்படிக் கெட்டுப்போகும்?

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டு ஊர் நம்மது. பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்த்தாப்புல 38 வருசமாப் பெட்டிக்கடை வச்சிருக்கேன். எத்தனையோ எச்.எம். வந்தாக, போனாக. பெல்லு அடிச்ச தண்டவாளத் துண்டு போயி கரண்டு பெல்லு வந்துருச்சு. மாறாம இருக்கிறது ரெண்டு. ஒண்ணு, காம்பவுண்டுச் சுவத்துல நீங்க ஏறிக் குதிக்கிற அந்த இடம். இன்னொண்ணு, என்னோட பாக்கி நோட்டு. நோட்டுக்குப் பிறகு வாரேன். மொதல்ல கொஞ்சம் புத்தி சொல்லுதேன். ஆண்டு விழா மேடையில பொன்னாடை போத்தினவுகதான் புத்தி சொல்லணும்னு சட்டமா? நமக்குத் துண்டு சொந்தமாவே இருக்கு.

ஆண்டு விழான்னதும் போன வருசத்துக் கூத்து ஞாபகத்துக்கு வருது. நம்ம பக்கத்துல ஆண்டு விழான்னா கட்டபொம்மன் இல்லாம நடக்காது. 1799-ல அவரைத் தூக்குல போட்ட கயத்தாறு இங்கனதான் இருக்கு, பஸ்ஸுல ஏறி ஒரு கோழித்தூக்கம் போட்டு எந்திரிச்சா வந்துரும். 1959-ல சிவாஜி படம் வந்தாலும் வந்துச்சு, அன்னையிலிருந்து வருசா வருசம் பிள்ளையளைப் பெத்தவுகளுக்கு மீசைச் செலவு. கட்டபொம்மன் வேசத்துக்கு நாலு பேரு சண்டை. ஜாக்சன் துரைக்கு மட்டும் ஆளே கிடைக்காது. கடைசியில ஒம்பதாப்பு படிச்ச ஒரு கறுத்த பயலைப் பிடிச்சு உக்கார வச்சு, ஒரு டப்பா பவுடரையும் அவன் மூஞ்சியில கொட்டிட்டாக.

விழா 4 மணிக்குன்னு நோட்டீஸ். சிறப்பு விருந்தினர் வந்தது ஆறேகாலுக்கு. அதுவரைக்கும் துரையும் கட்டபொம்மனும் என் கடை பெஞ்சுல உக்காந்து ஆளுக்கொரு கலர் குடிச்சாக. வேர்வையில துரையோட வெள்ளை கோடு கோடா இறங்கிருச்சு. மேடை ஏறி, வசனம் உச்சத்துக்குப் போற நேரம், கட்டபொம்மனோட இடது பக்க மீசை கழண்டு விழுந்துச்சு. அரங்கமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. துரைதான் குனிஞ்சு எடுத்து, ரெண்டு கையாலயும் மரியாதையா நீட்டினான். கட்டபொம்மனும் கோவம் குறையாம வாங்கி ஒட்டிக்கிட்டு வசனத்தை விட்ட இடத்துல பிடிச்சாரு. வெள்ளைக்காரன் நமக்குத் திருப்பிக் கொடுத்த ஒரே சொத்து அந்த அரை மீசைதான்.

அதனால, இந்த வருசம் வேசம் கேக்கப் போனா துரை வேசமாப் பாத்துக் கேளுங்க. வசனம் கம்மி, தொப்பி உண்டு, கடைசி வரைக்கும் உசுரோட இருக்கலாம்.

ஆண்டறிக்கை வாசிக்கையில மட்டும் எந்திரிச்சுப் போயிராதீங்க. நம்ம பள்ளிக்கூடத்துல நூலகம் ஒண்ணு நல்லா நடக்குதுன்னு அன்னைக்கு ஒரு நாள்தான் சொல்லுவாக. அடுத்த வருசம் வரைக்கும் அந்தச் சேதி உங்க காதுல விழாது.

பிராக்டிகல் முடிஞ்சதும் போன வாரம் ஒரு பிளஸ் டூ பய வந்து கணக்குச் சொன்னான். “தாத்தா, செய்முறைக்கு 20, உள்ள போடுற மார்க் 10, ஆக 30 நம்ம கையில. பாஸுக்கு 35. இன்னும் அஞ்சே அஞ்சு!” முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். நான் கடலைமிட்டாயைக் கையில கொடுத்துட்டு மெதுவாச் சொன்னேன், எழுத்துத் தேர்வுல 70-க்கு 15 எடுத்தாத்தான் பாஸுன்னு அரசாங்கம் முன்னாடியே முள்வேலி போட்டு வச்சிருக்கு பேராண்டின்னு. பாவம், பாதி மிட்டாயை அப்படியே வச்சுட்டுப் போயிட்டான். இம்புட்டு மூளையைக் கணக்குப் பாடத்துல காட்டியிருந்தா இந்தக் கணக்கே வேண்டியிருக்காது.

அடுத்தது பக்தி. வாசல்ல இருக்காரே பிள்ளையாரு, ஜூன்லயிருந்து மாசி வரைக்கும் அவர் மேல நீங்க சைக்கிளைத்தான் சாச்சு வைப்பீக. மார்ச்சு பொறந்ததும் எண்ணெயும் மாலையுமா அவர் மூச்சு முட்டிப் போறாரு. என் கடையில கற்பூரம் கார்த்திகையில விக்கிறதைவிட இப்பத்தான் அதிகமா விக்குது, அதனால நான் குறை சொல்லக்கூடாது. பேனாவை அவர் காலடியில வைக்கீக, ஹால்டிக்கெட்டைத் தும்பிக்கையில சொருகுதீக. எல்லாம் சரி. ஆனா அவரு யாருன்னு யோசிச்சீகளா? வியாசர் பாரதம் சொல்லச் சொல்ல எழுதினவரு. பொருள் விளங்காம ஒரு வரி எழுதக்கூடாதுன்னு வியாசர் போட்ட நிபந்தனைக்குத் தலையாட்டிட்டு உக்காந்தவரு. பேனா ஒடிஞ்சதுக்கு அடிசனல் டயம் கேக்காம தந்தத்தை ஒடிச்சு எழுதினவரு. அவர்கிட்டயே போயி, “விளங்காமத்தான் எழுதப்போறேன், மார்க் வாங்கிக் குடு”ன்னு தேங்காய் உடைக்கீக. நெஞ்சழுத்தம் ஜாஸ்திடே உங்களுக்கு.

பரீட்சை ஹாலுக்குள்ள 10 மணிக்கு உக்கார வச்சு, கேள்வித்தாளை வாசிக்க மட்டும் 10 நிமிசம் கொடுக்காக, எழுத்து 10.15-க்குத்தான். வருசம் பூராவும் புஸ்தகத்துக்குக் கொடுக்காத பத்து நிமிசம் அது. விட்டுராதீங்க.

இன்னொரு சங்கதி. பரீட்சைக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல தையல் மிசின் சத்தம் கேக்குதே, அது என்னன்னு தெரியுமா? உங்க விடைத்தாளோட போட்டோ போட்ட முகப்புத்தாளை வச்சுத் தைக்காக. இங்க தைக்க வாரவன் நம்ம தெற்குத்தெரு டெய்லர்தான். நூல்கண்டு தீந்துபோனா என் கடைக்குத்தான் வருவான். “மாமா, ஜாக்கெட்டுன்னா பத்து தடவை அளவு பாக்கணும். இதுக்கு அளவே இல்ல, எம்புட்டு நிம்மதி”ம்பான். அவன் தச்ச தாளுல பாதியைக் காலியாத் திருப்பிக் கொடுத்து அவன் நூலை வீணாக்காதீங்க.

கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்குச் சட்டையில இங்க்கு தெளிப்பீக. தெளிங்க. வேண்டாம்னு சொன்னா இன்னும் ரெண்டு பாட்டில் வாங்குவீக, வாங்கினா என் கடையிலதான் வாங்கணும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். தெளிச்ச சட்டை எங்க போகும்னு நீங்க பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். போன ஐப்பசியில மக்காச்சோளக் காட்டு வழியாப் போறேன். நடுக்காட்டுல வைக்கோல் பொம்மை ஒண்ணு, தலைக்குச் சட்டி, உடம்புக்கு யூனிபார்ம் சட்டை. நெஞ்சுல நீல இங்க்கு. முதுகுல ஸ்கெட்ச் பேனாவால எழுதியிருக்கு: “நண்பா, உயிர் உள்ளவரை மறக்காதே.” அதுக்கு மேல ஒரு மைனா உக்காந்து எச்சம் போட்டுக்கிட்டிருக்கு. எழுதின பய திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். போட்டிருந்த பய சென்னையில. ரெண்டு பேருக்கும் பதிலா அந்தப் பொம்மைதான் மறக்காம மழையில நின்னுச்சு. சட்டை தேறுனா ஆறாப்புத் தம்பிக்கு ஆகும், தேறாட்டி கிளி விரட்ட ஆகும். எதுக்குன்னு வீட்டுல கேட்டுட்டு இங்க்கைத் திறங்க.

ஸ்லாம் புக்குன்னு ஒண்ணு சுத்துதே, அதை என்கிட்டயும் நீட்டினா ஒரு தாயி. பிடித்த உணவு, பிடித்த நிறம், முதல் காதல்னு வரிசையாக் கேள்வி. இது பரீட்சையைவிடக் கஷ்டம், சாய்ஸே இல்ல. முதல் காதல்ங்கிற இடத்துல “ராலே சைக்கிள், 1974”ன்னு எழுதினேன். “அது யாரு தாத்தா, இங்கிலீஸ்காரியா?”ன்னு கேட்டா. அப்பாட்ட கேட்டுக்கோன்னு அனுப்பிட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் சிரிக்காமச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. பேர்ப்பட்டியல் சரிபாக்கச் சொல்லி சார் கூப்பிடுறப்போ, போட்டோவுல முடி நல்லாருக்கான்னு பாத்துட்டு ஓடாதீங்க. பேரு, இனிசியல், பிறந்த தேதி மூணையும் எழுத்து எழுத்தாப் பாருங்க. எங்க அம்மா என்னை மார்கழிப் பனியில பெத்தா, 1956-ல. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்போ வாத்தியார் தேதியெல்லாம் கேக்கல. வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொன்னாரு. தொட்டேன். 1.6.1958-ல பிறந்துட்டேன். என் வகுப்புல பாதிப் பேரு அந்த ஜூன் மாசம் ஒண்ணாந்தேதிதான் பிறந்தானுவ, ஊர்ல அன்னைக்கு மருத்துவச்சிக்கு என்ன கஷ்டமோ! வயசு குறைஞ்சா நல்லதுதானேன்னு இருந்துட்டேன். ரயில்ல ஆம்பளைக்கு 60 முடிஞ்சா டிக்கெட்டுல சலுகைன்னாக. அசல் வயசுக்கு 2016-லயே கிடைச்சிருக்கணும். பேப்பர் வயசுக்கு 2018-லதான் கிடைச்சுது. 2020 மார்ச்சுல கொரோனான்னு சலுகையை நிறுத்தினாக. ஒரு காதைத் தொட்ட பாவத்துக்கு ரெண்டு வருசத் திருச்செந்தூர் டிக்கெட்டு காசு போச்சு.

அந்த 2020 இருக்கே, அதை எழுதி வைக்கணும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தாக. பத்தாப்பு அத்தனை பேரும் பரீட்சை எழுதாமலே பாஸு. மிட்டாயும் பாஸு, பிள்ளையளும் பாஸு, பூட்டிக் கிடந்த என் கடை மட்டும் பெயில்.

பெயிலுன்னா எனக்குப் புதுசும் இல்ல. எங்க காலத்துல பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் ஒன் பிளஸ் டூ எல்லாம் 1978-க்கு அப்புறம் வந்த சரக்கு. 1975-ல நான் எழுதினேன். ரிசல்ட்டு பேப்பர்ல நம்பரா வரும். டீக்கடையில ஒரு பேப்பருக்கு இருபது தலை. என் நம்பருக்கு முந்தின நம்பர் இருந்துச்சு, பிந்தின நம்பரும் இருந்துச்சு. நடுவுல நான் ஒரு கமாவா நின்னேன். கணக்குல போயிருச்சு. அப்படிப் போனவன்தான் 38 வருசமா பைசா பிசகாமப் பாக்கி நோட்டு எழுதுதேன். உங்களுக்கு வசதி, மே மாசம் போனுக்கே மார்க் வந்துரும், ஊரு கூடி நம்பர் தேடாது. 2017-லயிருந்து மாநிலத்துல முதலாவது யாருன்னும் சொல்றதில்ல. முன்னெல்லாம் அம்மா லட்டு ஊட்டுற போட்டோ பேப்பர்ல வரும், அதைக் காட்டிக் காட்டியே மத்த பிள்ளையளுக்குச் சோறு செமிக்க விடமாட்டாக. பிளஸ் ஒன்னுக்கு 2018-ல பொதுத்தேர்வு வச்சாக, இப்ப அதையும் எடுத்துட்டாக. மார்க்கு கம்மியா வந்தா சுவரைப் பாத்து உக்காந்திராம நேரா இங்க வாங்க. சப்ளிமெண்டரிக்குப் பணம் கட்டுற கடைசித் தேதி என்னைக்குன்னு நம்ம தட்டியில எழுதி வச்சிருப்பேன்.

இப்ப நோட்டுக்கு வாரேன். போன பொங்கலுக்கு முன்னாள் மாணவர் சந்திப்புன்னு ஒரு கூட்டம் வந்துச்சு. அதுல ஒருத்தன் காரை என் தட்டியில இடிக்கிற மாதிரி நிப்பாட்டி, ஓடி வந்து கட்டிப்பிடிச்சான். “தாத்தா, உங்க கடைத் தேன்மிட்டாயை இன்னும் மறக்கல!” கண்ணுல தண்ணி. என்னை வச்சு நாலு செல்பி எடுத்தான், வாட்சப் குரூப்புக்கு அனுப்பினான், போயிட்டான். 1994 நோட்டை எடுத்துப் பாத்தேன். தேன்மிட்டாய், ரீபில், மாங்காய்க் கீத்து, ஆக 3 ரூபா 75 பைசா. மிட்டாயை மறக்காதவன் பாக்கியை மட்டும் சுத்தமா மறந்துட்டான்.

அதனால டி.சி. வாங்க வாரப்போ வாசல்லயே திரும்பிராதீங்க, ரோட்டைத் தாண்டி வாங்க. பத்து பி சுருட்டைத் தலை, 12 ரூபா. பிளஸ் டூ கண்ணாடிக்காரத் தாயி, நீ ஒரு ரூபா கூடக் கொடுத்திருக்கே, வந்து வாங்கிக்கோ. ஜாக்சன் துரைக்குப் பாக்கி இல்ல, அன்னைக்கே குடுத்துட்டான். இப்ப பிளஸ் டூவுல இருக்கிற கட்டபொம்மன் மட்டும் ஒரு கலரும் மீசை ஒட்டின கோந்து பாட்டிலும் சேத்து 30 ரூபா வச்சிருக்கான். வெள்ளைக்காரனுக்குக் கட்டமாட்டேன்னா அது நியாயம். நான் வெள்ளைக்காரன் இல்லடே. கடை காலையில 6 மணிக்கே திறந்திருக்கும், ஜிபே அட்டையும் தொங்குது.