மரநாய்க்கு ஏணி போடாதீர்கள்

கேள்வி: கோழிக்கொட்டகையைச் சுற்றி ஆறடிக்குக் கம்பிவலை அடித்தும் ராத்திரியில் மரநாய் இறங்கிவிடுகிறதே, என்ன வழி?

பதில்: ஆறடி வலை தெருநாய்க்குத் தடை, மரநாய்க்கு ஏணி. தென்னையிலும் ஓட்டுக்கூரையிலும் ஏறிப் பழகிய அந்த இரவுப்பிராணி, வலைக்கண்ணில் நகத்தை மாட்டி ஏறும். மேலே திறந்திருந்தால் உள்ளே குதித்துவிடும். எனவே முதல் செலவு கூரைக்கு. பக்கவாட்டில் அடித்த வலையாலேயே மேற்புறத்தையும் மூடி, இரண்டும் சேரும் விளிம்பைக் கட்டுக்கம்பியால் விரல் நுழையாதபடி இறுக்க வேண்டும். மரநாய் தேடுவது அந்த விளிம்பைத்தான். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும்.

அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை கோழியை அடைக்கப் போதும். வேட்டைப்பிராணியின் பல்லுக்குத் தாங்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் விலை கூடுதல்தான், ஆனால் வளர்ந்த சாரைப்பாம்பையும் அது நிறுத்தும். கோழி அடையும் கழி வலையிலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருப்பது நல்லது.

கொட்டகைமேல் சாயும் கிளைகளை வெட்டிவிட்டு, அருகிலுள்ள தென்னையில் ஆளுயரத்தில் இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றினால் நகம் வழுக்கும். கீரி தோண்டி வரும் என்பதால் வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் இறக்க வேண்டும். பொழுது சாயுமுன் கதவுக்குக் கொண்டி.

பொறியும் விஷமும் கூடவே கூடாது. மரநாய் பெரும்பாலும் பழந்தின்னி, விதை பரப்பும் பிராணி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதையும் கீரியையும் சாரையையும் காக்கிறது.